முட்டி சத்தம் போட்டால் போடட்டும்

போன வாரம் காலை ஐந்தரை மணிக்கு விஸ்வநத்தத்தில் நடந்துகொண்டிருந்தேன். தினமும் என்னைத் தாண்டி ஓடிப்போகும் ஒரு தம்பி, அன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயது 46. அச்சகத்தில் வேலை. மூன்று வருஷமாக அரை மாரத்தான் ஓடுகிறவர். வருஷா வருஷம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையும் உண்டு.

"என்ன தம்பி, இன்னைக்கு ஓட்டம் இல்லையா?"

"நிறுத்திட்டேன் அண்ணாச்சி. முட்டியில சத்தம் வருது."

"வலிக்குதா?"

"இல்ல."

"வீக்கம்?"

"அதுவும் இல்ல. படி ஏறும்போது நறநறன்னு மணலை அரைக்கிற மாதிரி கேக்குது. வீட்ல பயந்துட்டாங்க. மாமா சொன்னாரு, தேய்மானம் ஆரம்பிச்சிருச்சு, இப்பவே நிறுத்தலைன்னா 60 வயசுல ஆபரேஷன்தான்னு."

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தம்பி மேல் இல்லை, அவருடைய மாமா மேலும் இல்லை. 'தேய்மானம்' என்கிற அந்த ஒற்றைச் சொல் மேல். என் வாழ்க்கையில் ஆறு வருஷத்தைத் தின்ற சொல் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் 34 வருஷம் ஆஃப்செட் மிஷின் ஓட்டியவன். எங்கள் தொழிலில் முதல் பாடமே காதுக்குத்தான். மிஷினில் புதுச்சத்தம் கேட்டால் உடனே நிறுத்து. பேரிங் காய்ந்திருக்கும், இல்லை பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கும். நிறுத்தாமல் ஓட்டினால் காலண்டர் சீசன் நேரத்தில் முதலாளியிடம் பதில் சொல்ல முடியாது. மிஷினுக்கு இது நூற்றுக்கு நூறு சரி. நாம் செய்த தப்பு, அதே பாடத்தை நம் உடம்புக்கும் வைத்துக்கொண்டது.

பேரிங்குக்கு உயிர் கிடையாது. அதை ஓட்டாமல் வைத்தால் தேயாது. முட்டி அப்படியா? மூட்டுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது அமுங்கி, காலைத் தூக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல அது வாங்கிக்கொள்கிறது. அசைவுதான் அதற்குச் சோறு. அசைவை நிறுத்தினால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும், தொடைச் சதை கரையும், முட்டியைத் தாங்க ஆள் இல்லாமல் போகும். நிறுத்திவைத்துக் காப்பாற்ற அது மிஷின் இல்லை.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒரே சத்தம் இல்லை, இரண்டு மூன்று வகை. 'மடக்' என்று ஒரு தடவை கேட்பது பெரும்பாலும் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால். விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அதே சங்கதி. சில நேரம் தசைநாண் எலும்பு மேட்டைத் தாண்டி நழுவும்போது 'டக்' என்கும். படியிலும் குத்தவைத்து எழும்போதும் வரும் 'நறநற', முன்னால் இருக்கும் முட்டிச்சில்லு தன் பள்ளத்தில் மேலும் கீழும் நகரும்போது வருவது. வயது ஏற ஏற அந்தப் பரப்பு முன்பு மாதிரி வழுவழுப்பாக இருக்காது. முகத்தில் சுருக்கம் விழுகிறதே, அதற்காக ஆஸ்பத்திரிக்கா ஓடுகிறோம்?

சொடக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. டொனால்ட் உங்கர் என்று ஒரு அமெரிக்க டாக்டர். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று சின்ன வயதில் வீட்டில் மிரட்டினார்களாம். மனுஷன் 60 வருஷத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, வலது கையைச் சும்மா விட்டுவைத்தார். கடைசியில் இரண்டு கையிலும் வாதம் இல்லை. 2009இல் அவருக்கு இக் நோபல் என்கிற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். ஒரு ஆளின் கதை ஆராய்ச்சி ஆகாதுதான். ஆனால் நம் வீடுகளின் மிரட்டலுக்கு இந்தப் பதில் போதும்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. முட்டிச் சத்தம் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அண்மையில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த வலியும் இல்லாதவர்களிலேயே 100 பேரில் 36 பேருக்குச் சத்தம் இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு மேல். இத்தனை பேருக்கு இருப்பதை நோய் என்று சொன்னால் நரையையும் நோய் என்று சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூட்டுவாதம் வந்தவர்களிடம் சத்தம் அதிகம், 100 பேரில் 81 பேருக்கு. அமெரிக்காவில் சுமார் 3,500 பேரைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. அடிக்கடி சத்தம் கேட்பவர்களுக்குப் பிற்பாடு வலியோடு கூடிய மூட்டுவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் ஏற்கெனவே மாற்றம் இருந்தது. சத்தம் ஒரு தகவல், அவ்வளவுதான். அதைத் தீர்ப்பாக எழுதி, ஓடாதே, ஏறாதே, உட்காராதே என்று தண்டனை கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஓட்டமே முட்டியை அழித்துவிடும் என்பார்கள். 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு வேறு கணக்குச் சொல்கிறது. ஆசைக்கு ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி வாதம் 100க்கு 3.5 பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருக்கிறவர்களில் 10.2. பந்தயமே தொழிலாக ஓடுகிறவர்களில் 13.3. அளவு மீறினால் கேடு, அசையாமல் இருந்தாலும் கேடு. லண்டன் மாரத்தானை முதல்முறை ஓடிய நடுவயதுக்காரர்களின் முட்டியை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முட்டிச்சில்லுப் பக்கம் சிலருக்குக் கொஞ்சம் மோசமானது, வலி இல்லாமல். உடல் பாரத்தைத் தாங்கும் எலும்பில் ஏற்கெனவே இருந்த கோளாறு சிலருக்குக் குறைந்தே இருந்தது.

நம் ஊர் ஆள் வேண்டுமா? 2021இல் தமிழகத்தின் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் 2004இல் விபத்தில் முட்டி கடுமையாக அடிபட்டவர். அதற்கு அப்புறம், 50 வயதைத் தாண்டி ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியிருக்கிறார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதினார். அவரைக் காட்டி எல்லோரையும் 21 கிலோமீட்டர் ஓடச் சொல்லவில்லை. அடிபட்ட முட்டிக்கே இவ்வளவு வாய்ப்பு இருக்கும்போது, வலியே இல்லாத முட்டியை ஏன் மூலையில் உட்காரவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி என் ஆறு வருஷம். எனக்கு 48 வயதில் சத்தம் ஆரம்பித்தது. அப்போது தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுவேன். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி இறங்குவேன். வலி கிடையாது. பயத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்து, ஐந்து நிமிஷத்தில் "தேய்மானம்" என்றார்கள். ஓடாதீங்க, மலை ஏறாதீங்க, சம்மணம் போடாதீங்க. கூடவே ஒரு மாத்திரை, ஒரு முட்டி உறை. நான் மிஷின்காரன் இல்லையா, தேய்மானம் என்றதும் அப்படியே நம்பிவிட்டேன். ஆறு வருஷத்தில் 11 கிலோ ஏறியது. சுகர் வந்தது. தொடை வாழைத்தண்டு மாதிரி ஆகி, அதுவரை இல்லாத வலியும் வந்தது. சத்தம் மட்டும் குறையவே இல்லை.

அந்த மாத்திரை குளுக்கோசமைன். முட்டி வாதம் உள்ள 1,583 பேரிடம் அமெரிக்காவில் அதைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெறும் மாவு மாத்திரையைவிட அது பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. வலி உள்ளவர்களுக்கே அந்தக் கதி என்றால், வலி இல்லாத எனக்கு எதற்கு? டிவியைத் திறந்தால் முட்டித் தைலம், பேப்பரைத் திறந்தால் முட்டி முகாம். பயந்தவன் பர்ஸைத் திறப்பான், அதுதான் கணக்கு.

கடைசியில் மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் என்னிடம் மூன்றே கேள்வி கேட்டார். வலிக்குதா, வீங்குதா, நடுவில மாட்டிக்கிதா? ஓடின காலத்துல இதில எதுவும் இல்லைன்னா எதுக்கு நிறுத்துனீங்க சார் என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவதில் தொடங்கிவைத்தார். எட்டு மாதத்தில் வலி போனது. அடுத்த வருஷம் சதுரகிரி ஏறினேன்.

எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்பதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். நமக்குமா? சுற்றிலும் பட்டாசு ஆலைகள். வெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஜன்னல் அதிர ஒரு சத்தம் கேட்டால் தெருவே வெளியில் வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். வெறும் சத்தத்தை விட்டுவிடுவோம், புகையைப் பார்த்தால் ஓடுவோம். முட்டிக்கும் அதே விதிதான். வலி, வீக்கம், சூடு, மடக்க முடியாமல் மாட்டிக்கொள்வது, நிற்கும்போது கால் நழுவுவது, அடிபட்ட பிறகோ ஆபரேஷனுக்குப் பிறகோ புதிதாக வந்த சத்தம், இவையெல்லாம் புகை. ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள், தைலக்காரரிடம் போகாதீர்கள்.

எதுவும் இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால், அது பாட்டுக்குக் கத்தட்டும். வீட்டில் யாராவது "முட்டி தேய்ஞ்சு போச்சு" என்று ஆரம்பித்தால் தயவுசெய்து அந்தச் சொல்லை நிறுத்துங்கள். நம் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல் நாற்பது வயதுக்காரனை உட்காரவைத்துவிடும்.

அந்தத் தம்பியிடமும் இதையெல்லாம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். நேற்றுக் காலை டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தது. கொஞ்சம் தூரம் தள்ளி, ஓட்டமும் நடையுமாக என்னைத் தாண்டிப் போனார். எனக்கு வயது 68. என் முட்டி இப்போதும் மாடிப்படியில் நறநற என்றுதான் ஏறுகிறது.