எழும்பும் தண்டவாளத்தை வாசிப்பவர்கள்

தீம் பார்க் ஒன்றில் புதிய ரோலர் கோஸ்டருக்காக மண் தோண்டத் தொடங்கும் நாளுக்கும் அது மக்களுக்குத் திறக்கப்படும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் செல்வதுண்டு. அது எவ்வளவு உயரம், என்ன வேகம், எத்தனை முறை தலைகீழாகப் புரளும் என்றெல்லாம் அந்த இடைக்காலத்தில் ஆர்வலர்கள் ஊகித்துக்கொண்டிருப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிரிட்டனில் கடந்த முப்பது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் ஊகங்களைக் கூர்ந்து நோக்கினால், அவை பெரும்பாலும் ஆவணங்களையும் இயற்பியலையும் பொறியியல் மரபுகளையும் பொருத்திப் பார்த்து எட்டப்படும் முடிவுகள் என்பது புலப்படும்.

இதற்கு முதற்காரணம் அந்நாட்டின் சட்டம். அங்கே பெரிய கட்டுமானம் எதுவும் பொதுவாக உள்ளாட்சி மன்றத்திடம் திட்ட அனுமதி பெற்றாக வேண்டும். அதாவது, என்ன கட்டப்படுகிறது, அதன் உயரம் என்ன, எந்த மரங்கள் வெட்டப்படும், அருகிலுள்ள வீடுகளுக்கு எவ்வளவு ஓசை எட்டும் என்பவற்றை வரைபடங்களோடு விண்ணப்பமாகத் தர வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டாகையால் அந்த ஆவணங்களை எவரும் பார்க்கலாம். பூங்காவின் விளம்பரத் துறை பூட்டிவைக்க விரும்பும் செய்தியை அதே பூங்காவின் பொறியாளர்கள் மன்றத்திடம் ஒப்படைத்தாக வேண்டிய இந்த நிலைதான், ஆர்வலர்களின் ஊகத்துக்கு உறுதியான அடித்தளத்தை இட்டுத் தருகிறது.

லண்டனுக்குத் தென்மேற்கே, சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவான ஏரிகளின் நடுவே அமைந்துள்ள தோர்ப் பார்க்கில் 2024 மே 24 அன்று திறக்கப்பட்ட ஹைப்பீரியா இதற்குத் தக்க சான்று. ‘ப்ராஜெக்ட் எக்ஸோடஸ்’ என்ற தற்காலிகப் பெயரோடு அது மன்றத்தின் முன் வந்தபோதே, அதன் உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர் என்பது தெரிந்துவிட்டது. 1994 முதல் நாட்டின் மிக உயரமான ரோலர் கோஸ்டராக விளங்கிய பிளாக்பூல் நகரின் ‘பிக் ஒன்’ அந்த இடத்தை இழக்கப்போகிறது என்பதும் அதனோடு தெரிந்தது. உயரம் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிடலாம். உயரத்தில் சேமிக்கப்பட்ட ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறுவதாகக் கொண்டால், ரயிலின் எடை கணக்கிலிருந்து நீங்கிவிடுவதால், 72 மீட்டர் கீழே இறங்கும் ரயில் மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். உராய்வும் காற்றுத் தடையும் சிறிது தின்றுவிடும் என்று கழித்துப் பார்த்தால், பின்னர் பூங்கா அறிவித்த வேகமான 80 மைலுக்கு, அதாவது சுமார் 129 கிலோமீட்டருக்கு மிக அருகே வந்துவிடலாம். பள்ளிப் பாடநூலில் உள்ள ஒரு சமன்பாட்டைக் கொண்டு, ஒரு தூண்கூட நடப்படாத சவாரியின் வேகத்தைச் சொல்லிவிட முடிகிறது என்பது வியக்கத்தக்கது.

கட்டுமானம் தொடங்கியபின் சான்றுகள் இன்னும் பெருகுகின்றன. ரயில் பெருவேகத்தில் வளையும் இடத்தில் பக்கவாட்டு விசை மிகுதியாகும் என்பதால் அங்கே கான்கிரீட் அடித்தளம் பெரிதாக அமையும்; ஆகவே அடித்தளக் குழிகளின் அளவையும் வரிசையையும் கொண்டே வளைவுகள் எங்கே வரும் என்பதைக் கணிப்பவர்கள் உண்டு. தண்டவாளத்தின் குறுக்குவெட்டு அதைவிடத் தெளிவாகப் பேசும். சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மபியார் நிறுவனத்தின் தண்டவாளங்கள் பெரும்பாலும் பெட்டி வடிவ முதுகெலும்பு கொண்டவை. இன்டமின் நிறுவனமோ குழாய்களைப் பின்னல்போல் இணைத்த அமைப்பைப் பல சவாரிகளில் கையாள்கிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் படேவியா என்னும் சிற்றூரில் பாலிகர் அண்ட் மபியாருக்குத் தண்டவாளம் செய்யும் தொழிற்சாலையின் முற்றத்தில் புதிய நிறத்தில் துண்டுகள் அடுக்கப்பட்டாலே போதும், அவை எந்தப் பூங்காவுக்குச் செல்லக்கூடும் என்ற விவாதம் தொடங்கிவிடும்.

ஆனால் எல்லாப் பூங்காக்களிலும் உயரம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஸ்டாஃபர்ட்ஷயரில் பழைய பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகையையும் தோட்டங்களையும் சூழ்ந்து அமைந்துள்ள ஆல்டன் டவர்ஸில், எந்தச் சவாரியும் மர உச்சிகளுக்கு மேல் எழக்கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாக நிலவுகிறது. மேலே செல்ல இயலாதபோது கீழே செல்வதே அங்கே பொறியாளர்களுக்கு எஞ்சிய வழி. 1994-இல் வந்த நெமிசிஸ், ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி செல்ல, பயணியரின் கால்கள் வெறுவெளியில் நீண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது; அதற்காகப் பாறையை வெடிவைத்துப் பிளந்து பள்ளங்கள் உண்டாக்கினார்கள். 1998-இல் வந்த ஆப்ளிவியன் தரைக்கு மேலே சுமார் 20 மீட்டர்தான் உயர்கிறது. ஆனால் ஏறத்தாழச் செங்குத்தாக நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பாய்வதால் அதன் வீழ்ச்சி 55 மீட்டர் ஆகிறது. இங்கே ஊகிப்பவர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. எத்தனை லாரி மண் வெளியேறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தடையே வடிவத்தைத் தந்த இந்த இரண்டு சவாரிகளும், வெறும் உயரத்தால் சாதனை படைத்த பலவற்றைவிடச் சிறந்த படைப்புகள் என்பதில் ஐயமில்லை.

ஊகத்தின் எல்லை எது என்பதை அதே பூங்காவில் 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட ‘தேர்ட்டீன்’ காட்டியது. 1980 முதல் ஓடி 2008-இல் விடைபெற்ற கார்க்ஸ்க்ரூ இருந்த பகுதியில் எழுந்த இந்தச் சவாரியின் வெளித்தடத்தைக் காட்டினூடே எவரும் பின்தொடர முடிந்தது. அதன் உயிர்நாடியோ ஓர் இருட்டுக் கட்டடத்துக்குள் இருந்தது. ரயில் உள்ளே வந்து நின்றதும், அது நிற்கும் தண்டவாளத் துண்டே சுமார் 5 மீட்டர் சட்டென்று கீழே விழுகிறது; பிறகு ரயில் பின்னோக்கி வெளியே பாய்கிறது. இவ்வாறு தண்டவாளமே ரயிலோடு விழும் அமைப்பு உலகில் முதன்முறையாக இங்கேதான் இடம்பெற்றது. வரைபடங்கள் வெளிச்சுவரைக் காட்டக் கடமைப்பட்டவை. சுவருக்குள் பயணியின் வயிற்றில் நிகழப்போவதைச் சொல்ல அவற்றால் இயலாது.

இங்கே வருந்தத்தக்க ஒன்றும் நிகழ்ந்தது. குடும்பத்தோடு ஏறக்கூடிய, மிதமான விறுவிறுப்புள்ள அந்தச் சவாரியை, நாடே கண்டிராத கொடூர அனுபவம் என்ற சாயலில் விளம்பரங்கள் முன்வைத்தன. கடும் சவாரியை எதிர்பார்த்து வந்த பலர் ஏமாந்தனர். நல்ல படைப்பொன்று தன் தகுதியால் மதிப்பிடப்படாமல், தன்மேல் ஏற்றப்பட்ட எதிர்பார்ப்பால் மதிப்பிடப்பட்டது. ரகசியம் காத்தது பிழையன்று. தண்டவாளம் விழும் அந்த நொடியின் வியப்பு ரகசியத்தால்தான் விளைந்தது. பிழை, சவாரியின் தன்மையைத் தவறாகக் காட்டிய விளம்பரத்தில்தான் இருந்தது.

இதற்கு மாறான போக்கை ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் யுனிவர்சல் நிறுவனம் கடைப்பிடித்தது. ஜுராசிக் பார்க் பகுதியில் பெரிய தண்டவாளம் அனைவர் கண்ணெதிரே எழுந்து நின்றபோதும் நிறுவனம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 155 அடி உயர வளைவு கொண்ட வெலாசிகோஸ்டரை 2020 செப்டம்பரில்தான் முறையாக அறிவித்து, 2021 ஜூன் 10 அன்று திறந்தது. அதுவரை பார்வையாளர்கள் எஃகைப் பார்த்தே முடிவுக்கு வந்தார்கள். எஃகு பொய் சொல்லவில்லை. இந்த மௌனம் தேர்ட்டீனின் விளம்பரத்தைவிட மேலானது. அடுத்த சவாரியைக் கட்டும் பூங்கா தன் இயந்திர உத்தியை விரும்பிய அளவு மறைத்துக்கொள்ளட்டும். அந்தச் சவாரி யாருக்கானது என்பதை மட்டும் முதல் விளம்பரத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.