மூலத்தின் கற்பைக் காப்பவர்கள்

தொண்டாமுத்தூர் கடைவீதியில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சலூன் இருந்தது. சுவரோரம் மரப்பெஞ்சு, பெஞ்சின்மேல் அன்றைய செய்தித்தாள், அதற்கடியில் அட்டை கிழிந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும். முடி வெட்ட வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்ப் பையன்கள் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். பெண்பிள்ளைகள் அந்தப் படியை ஏற முடியாது. என் அண்ணன் படித்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் வைத்துக் கதை சொல்வார். அப்படித்தான் எனக்கு இரும்புக்கை மாயாவி தெரியும். அப்படித்தான் வில்லி கார்வினும் தெரியும். கத்தி வீசுவதில் சூரன், எதற்கும் அஞ்சாதவன். கூடவே மாடஸ்டி என்று ஒரு பெண் வருவாள், அழகாக இருப்பாள்.

கல்லூரிக்குக் கோயமுத்தூர் போக ஆரம்பித்த பிறகு உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் அந்தக் காமிக்ஸ்களில் சில கைக்குக் கிடைத்தன. பஸ்ஸில் வரும்போதே பிரித்துப் படித்தேன். கதாநாயகி மாடஸ்டி. திட்டம் போடுபவள் அவள், முடிவெடுப்பவள் அவள். வில்லி கார்வின் அவளை ‘இளவரசி’ என்று அழைக்கிற, அவள் சொல்லுக்குக் காத்து நிற்கிற தோழன். அண்ணன் ஒரு சம்பவத்தையும் விடவில்லை. யார் செய்தார்கள் என்பதை மட்டும் மாற்றிவிட்டிருந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் அந்த அண்ணனின் மகன். பொறியியல் படிக்கிறான், மார்வெல் படம் ஒன்றுவிடாமல் பார்த்தவன். ‘கேப்டன் மார்வெல்’ (2019) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது பொங்கினான்.

“காமிக்ஸ்ல மார்-வெல் ஆம்பளைங்க அத்தை. அதைப் போயி பொம்பளையா மாத்தி வெச்சிருக்கானுங்க. மூலத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா?”

அவன் மட்டுமல்ல. படம் வெளிவருவதற்கு முன்பே அதன் மேல் குவிந்த வசையைப் பார்த்துவிட்டு, ராட்டன் டொமேட்டோஸ் தளம் வெளியீட்டுக்கு முந்திய பார்வையாளர் கருத்துப் பகுதியையே மூடியது. வசை பாடியவர்களில் கணிசமானோர் கையில் எடுத்த ஆயுதம் இதுதான்: மூலத்துக்கு விசுவாசம்.

சரி, மூலத்துக்கே போவோம். மார்-வெல் என்ற ஆண் வீரன் காமிக்ஸில் வந்தது 1967இல். கரோல் டான்வர்ஸ் என்ற பெண் வந்தது 1968இல். ஒரு தளத்தின் பாதுகாப்பு அதிகாரியாக, அவன் கதையில் ஒரு துணைப்பாத்திரமாக. அவளுக்குச் சக்தி எப்படிக் கிடைத்தது? ஒரு இயந்திரம் வெடிக்கிறது, மார்-வெல் அவளைக் காப்பாற்றுகிறான், அந்தக் கதிர்வீச்சில் அவனுடைய இயல்பு அவளுக்குள் கலந்துவிடுகிறது. அதாவது அவளுடைய பலம், காப்பாற்ற வந்த ஆணின் உடம்பிலிருந்து வந்த பலம். படத்தில் மார்-வெல் ஒரு பெண் விஞ்ஞானி. அவள் கொல்லப்பட்டதும், எதிரியின் கையில் இயந்திரம் சிக்கக் கூடாது என்று கரோலே அதைச் சுட்டு வெடிக்கவைக்கிறாள். சக்தி அவளுடைய செயலிலிருந்து வருகிறது. மருமகனுக்குக் கோபம் வந்த மாற்றம் இதுதான்.

அதே மூலத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1980இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ 200ஆம் இதழ். கரோல் யாரென்று தெரியாத ஒருவனால் கருவுறுகிறாள். ஓரிரு நாளில் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தை மளமளவென்று வளர்ந்து ஆணாகி, தானே அவளைக் கடத்திப்போய், கருவிகளால் அவள் மனதை வசப்படுத்தி, அவள் வயிற்றில் தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டதாகச் சொல்கிறான். அவள் அவனோடு கிளம்பிப் போகிறாள். உலகத்தைக் காக்கும் வீரர்கள் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இது வல்லுறவு என்று உடனே எழுதியவர் கரோல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வாசகி. மறு ஆண்டே கிறிஸ் கிளேர்மாண்ட் என்ற எழுத்தாளர், கரோல் திரும்பிவந்து அந்த வீரர்களின் முகத்துக்கு நேரே ‘நீங்கள் யாரும் ஏன் சந்தேகப்படவில்லை’ என்று கேட்கிற கதையை எழுதினார்.

“இதையும் மூலத்துல இருக்கற மாதிரியே படமா எடுக்கோணுமா கண்ணு?” என்றேன்.

“அது வேறங்க அத்தை” என்றான்.

எப்படி வேறு? இரண்டும் அதே மூலம்தானே? ஆணைப் பெண்ணாக்கினால் மூலம் கெடுகிறது. பெண்ணின் மேல் நடந்த கொடுமையை விட்டுவிட்டால் கெடுவதில்லை என்றால், நாம் காவல் காப்பது மூலத்தையா, மூலத்தில் ஆணுக்கு இருந்த இடத்தையா?

தோழிகளே, இந்தச் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். விசுவாசம், தூய்மை, கெடுத்துவிட்டார்கள், களங்கம். தழுவலைப் பற்றிப் பேசும்போது வருகிற இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், மூலத்தை விட்டு விலகிப்போகும் நல்ல மொழிபெயர்ப்புகளை ‘விசுவாசமற்ற அழகிகள்’ என்று கேலி செய்தார்கள். மூலம் கணவன், மொழிபெயர்ப்பு மனைவி; அழகாக இருந்தால் அவள் யோக்கியமாக இருக்கமாட்டாள். மனைவியிடம் மட்டும் கேட்கப்படும் கற்பைப் புத்தகத்திடமும் படத்திடமும் கேட்கப் பழகியிருக்கிறோம். மூலம் யாருக்கு விசுவாசமாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மூலமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வொண்டர் வுமன் 1941இல் பிறந்தாள். அடுத்த ஆண்டே வீரர்களின் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்; என்ன பொறுப்பில் தெரியுமா? செயலாளர். மற்றவர்கள் சண்டைக்குப் போக, அவள் குறிப்பேடு பார்த்துக்கொள்ள வேண்டும். 1968இல் அவளுடைய சக்திகளைப் பறித்துத் துணிக்கடை வைக்கவைத்தார்கள். 1972இல் ‘மிஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகை பழைய வொண்டர் வுமனை அட்டையில் போட்டுக் கொண்டாடியது. அதற்குப் பிறகே சக்திகள் திரும்பின. இதில் எது மூலம்? ஒவ்வொரு முறையும் யாரோ அவளை மாற்றினார்கள். கீழே இறக்கியபோது அது கதைப்போக்கு. மேலே ஏற்றும்போது மட்டும் அது துரோகம்.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்தவள் நான். பருவமெய்திய பெண் அந்த மலை ஏறக் கூடாது என்பது இன்றும் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆதியிலிருந்து அப்படித்தான் என்பார்கள். ஆனால் அந்த மலைப்பாதையில் இன்று எத்தனையோ மாறிவிட்டது. அடிவாரம் வரை பஸ் வருகிறது, ஏறுகிற பையன்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஆதி எங்கே மாறலாம், எங்கே மாறக் கூடாது என்பதை முடிவு செய்பவர் எப்போதும் ஒருவர் இருக்கிறார். அவர் நாமாக இருந்ததில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். மாற்றம் என்றாலே விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது. தமிழின் ஆகப்பெரிய தழுவல் கம்பராமாயணம். வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பர் அவனைச் சீதையைத் தொடவிடவில்லை. பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்தெடுக்க வைத்தார். மூலத்தை மீறிய இந்தத் துணிச்சலைப் பட்டிமன்றங்களில் கைதட்டி வரவேற்கிறோம். ஆனால் அந்த மாற்றம் யாருக்காக? வன்முறைக்கு ஆளான பெண் களங்கப்பட்டவள் என்ற எண்ணத்தோடு மோத வேண்டாம் என்பதற்காக. தொட்டிருந்தாலும் அவள் குற்றமற்றவள் என்று சொல்வதைவிட, தொடவேயில்லை என்று சொல்வது எளிது.

மாடஸ்டிக்கும் இதுதான் நடந்தது. பீட்டர் ஓ’டானல் அவளை 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றின் படக்கதைக்காகப் படைத்தார். 1942இல் போர்க்காலத்தில், பாரசீகத்தின் வடக்கே, தன்னந்தனியாக நடந்துவந்த ஒரு அகதிச் சிறுமியை அவர் கண்டிருக்கிறார். சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, யாரையும் அண்டி நிற்காமல், தன் வழியே போய்விட்டாள். இருபது ஆண்டு கழித்து அந்தச் சிறுமிதான் மாடஸ்டி ஆனாள். அனாதை அகதியாக அலைந்து, தன் பெயரையும் வாழ்க்கையையும் தானே அமைத்துக்கொண்டவள். அவளுக்கும் வில்லிக்கும் இடையில் காதல் கிடையாது, உடலுறவு கிடையாது. ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஒரு ஆணும் பெண்ணும் வேறெந்தக் கணக்கும் இல்லாமல் இப்படி இருக்க முடியும் என்பதுதான் அந்தக் கதையின் உயிர்.

1966இல் ஜோசப் லோசி அதைப் படமாக எடுத்தார். ஓ’டானல் எழுதிக்கொடுத்த திரைக்கதை மற்றவர்கள் கைகளில் மாறி மாறிப் போய், தான் எழுதியதில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியது என்று அவர் பின்னாளில் சொன்னார். படத்தில் மாடஸ்டிக்கு நொடிக்கொரு உடை, நொடிக்கொரு தலையலங்காரம். வில்லியும் அவளும் சேர்ந்து, நாம் ஏன் காதலிக்கவில்லை என்று டூயட் பாடுகிறார்கள். டூயட் நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்த இருவரைப் பாடவைத்தது, அந்தக் கதை இத்தனை நாள் சொல்லிவந்ததை ஒரே பாட்டில் அழித்தது. ‘மூலத்துக்கு விசுவாசம் எங்கே?’ என்று நானும் கத்துவேன், இங்கே.

நம்மூரிலும் நடக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாக நாவல். மணிரத்னம் அதை 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகத் தந்தார். சுருக்கத்தான் வேண்டும். சுருக்கியபோது கடம்பூர் மணிமேகலை அடியோடு காணாமல் போனாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காக, ஆதித்த கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று சபையில் பழியை ஏற்கத் துணிந்தவள் அவள். கல்கி தன் பெருங்கதையை முடிப்பதே அவளுடைய மரணத்தில்தான். கப்பலும் போரும் குதிரையும் இருக்கின்றன. நாவலின் கடைசிக் கண்ணீருக்கு உரியவள் இல்லை. என் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை நடந்தது. எந்த வீரனின் உருவம் நாவலில் உள்ளபடி இருந்தது என்பதுதான் சண்டை. மணிமேகலையைக் கேட்டது நானும் என் அண்ணியும் மட்டுமே.

அப்படியானால் எதற்கு விசுவாசமாக இருப்பது? உடைக்கு அல்ல, பாலினத்துக்கு அல்ல, நடந்த ஆண்டுக்கும் அல்ல. வொண்டர் வுமனை இரண்டாம் உலகப்போரிலிருந்து முதல் உலகப்போருக்கு நகர்த்தினார் பேட்டி ஜென்கின்ஸ், 2017 படத்தில்; அவள் எதற்காகப் போர்க்களத்தில் இறங்கினாளோ அது மாறவில்லை, எனவே அவளும் மாறவில்லை. ஒரு பாத்திரம் வாசகிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கும். இந்தப் பெண் தன் முடிவைத் தானே எடுப்பாள் என்பது மாடஸ்டி தந்த வாக்கு. அதைக் காப்பாற்றிவிட்டு மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். அதை உடைத்துவிட்டு மற்றதையெல்லாம் கட்டம் கட்டமாக நகலெடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

‘பெண்ணை நாயகியாக்குவது வெறும் வியாபாரம்’ என்பார்கள். ஆமாம், வியாபாரம்தான். பெரிய ஸ்டூடியோக்கள் நம் கோபத்தையும் பொம்மையாக்கி விற்கும். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆண் நாயகனை விற்றபோது அது கலையாக இருந்து, பெண் வந்ததும் வியாபாரமாகிவிட்டது என்ற கதையை என்னிடம் சொல்லாதீர்கள்.

‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படம் வரப்போகிறது என்று பல ஆண்டுகளாகப் பேச்சு. அந்தக் கனவைச் சொல்லிவருபவர் நம் பக்கத்துக் கிணத்துக்கடவில் பிறந்த லோகேஷ் கனகராஜ். வந்தால் முதல் நாளே போவேன். 1962இல் பிரிட்டனில் பையன்களுக்கென்று நடத்தப்பட்ட ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த கதை அது. 1972இல் முத்து காமிக்ஸ் அதைத் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது. மூலத்தின் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘எஃகு நகம்’ என்றுதான் வரும். சிவகாசிக்காரர்கள் அப்படி வைக்கவில்லை. ‘இரும்புக்கை மாயாவி’ என்றார்கள், அவன் நம் வீட்டுப் பிள்ளையானான். தலைப்பையே மாற்றி வாங்கிக்கொண்ட நாம், அதில் பெண்கள் இல்லாததை மட்டும் புனித மரபாகக் காக்க வேண்டுமா? எத்தனையோ மாயாவி கதைகள் படித்திருக்கிறேன். பெயர் சொல்லி நினைவில் நிற்கிற ஒரு பெண்கூட எனக்கு இல்லை.

போன மாதம் அண்ணனிடம் கேட்டேவிட்டேன். களத்தில் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்ணா, அன்னிக்கு மாடஸ்டி கதையில வில்லியைப் போயி பெரிய ஆளா மாத்திச் சொன்னீங்களே, எதுக்குங்?”

வெகுநேரம் யோசித்தார். “பொய் சொல்லோணும்னு இல்ல அம்மிணி. ஒரு ஆம்பள அவ சொல்றதைக் கேட்டுட்டு நிக்கறான்னு சொன்னா, கேக்கறதுக்கு நல்லா இருக்காதுன்னு நெனச்சுட்டேன். எனக்கே அது புடிபடல.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் என் அலமாரியிலிருந்து ‘கத்தி முனையில் மாடஸ்டி’யை எடுத்துவந்தான். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் இதழ் அது. அட்டை போய்விட்டது, தாள் மஞ்சளாகிவிட்டது. அப்பனிடம் கொடுத்து, “இப்போ இருக்கற மாதிரியே படிச்சுச் சொல்லுங்கப்பா” என்றான்.