உம்மா பக்கம் எந்தக் கொப்பியில் இருக்கிறது?

2004 டிசம்பர் 26 காலை, சாய்ந்தமருதுக் கரையில் எங்கள் வீட்டோடு தகரப்பெட்டியும் சுனாமியில் போனது. உம்மாவின் காவின் (விவாகப் பதிவு), காணி உறுதி எல்லாம் அதற்குள்தான். பிறகு காவினுக்குப் பிரதி எடுத்தோம். மங்கிய மையில் மாப்பிள்ளையின் ஒப்பம், வலியின் (பெண்ணின் பொறுப்பாளர்) ஒப்பம், மஹர் தொகை. உம்மாவின் கையெழுத்து மட்டும் இல்லை. "எனக்கு ஒருத்தரும் பேனை தரல்ல மனே" என்றா. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. அது பெரிய அநியாயம்.

நம் பக்கத்தில் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழி வருவது. "நீ எந்தக் குடி?" என்றால் உம்மாவின் குடியைத்தான் சொல்வோம். அரச பதிவோ வாப்பாவின் பெயரைப் பிடித்துப் போகிறது. குடும்பப் பெயர் வைக்காத நமக்கு மூன்றாம் தலைமுறையிலேயே தடம் அறுந்துவிடும்.

பதிவு அழிந்தும் தடம் தப்பிய கதை ஒன்று உண்டு. அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. ஊர்க் கோயில்களில் கிடந்த கத்தோலிக்க ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் தப்பின. அவற்றின் படங்களை 2015இல் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்தது.

நம் பள்ளிவாசல் அலுமாரிகளில் கிடக்கும் பழைய பதிவுக் கொப்பிகளையும் கறையான் தின்னுமுன் படமெடுக்க வேண்டும். ஒரு பிரதி கடலுக்குத் தூரமான இடத்தில் இருக்கட்டும். குடியின் பெயரையும் மரைக்காயர்மார் (குடித் தலைவர்கள்) வாயால் கேட்டு எழுதவேண்டும்.

நான் ஒரு சிஆர் கொப்பியில் தொடங்கிவிட்டேன். உம்மா, உம்மும்மா, அவவின் உம்மா. நாலாவது பெயருக்கு உம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறா.