சைனைட் மேட்டை அள்ளுபவர் நிலத்தையும் மீட்டுத் தரட்டும்

கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த 13 சைனைட் மேடுகள் மறுபடியும் கிளறப்படவிருக்கின்றன. சுமார் ஆயிரம் ஏக்கரில் குவிந்துள்ள 3.3 கோடி டன் கழிவு மண்ணிலிருந்து தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மண்ணை அள்ளுபவர், அந்த இடத்தில் நாட்டுத் தாவரங்களை வளர்த்துக் காட்டிய பிறகே வெளியேறலாம் என்பது குத்தகையின் முதல் நிபந்தனையாக வேண்டும்.

காரணம் இருக்கிறது. கிளறிப்போட்டுக் கைவிட்ட மண்ணில் முதலில் முளைப்பவை பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான். 2001 பிப்ரவரியில் சுரங்கங்களை மூடியபின் கேட்பாரற்றுக் கிடக்கும் நிலமே அதற்குச் சாட்சி. ஒரே பார்த்தீனியச் செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அதன் மகரந்தம் மூச்சிரைப்பைத் தூண்டும். சிலிகோசிஸ் நோயால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் வாழ்ந்த ஊருக்கு இன்னொரு மூச்சுத்திணறல் வேண்டாம்.

தங்கவயலைச் சுற்றிய வெட்டவெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன. தொலைவைப் பார்த்து, துள்ளி ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. முட்புதர் மண்டினால் புல்லும் போகும், ஓட வழியும் அடைபடும். கொடுமை என்னவென்றால், சீமைக்கருவேலத்தின் இனிப்பான காய்களை மான் தின்ன, புழுக்கையோடு விழும் விதை சுலபமாக முளைக்கிறது. தன் மேய்ச்சல் நிலத்தில் தானே முள்ளை விதைத்துக்கொள்கிறது அந்த மான்.

அந்த முள்மரம்தான் ஏழைகளின் விறகு, மேட்டுத் தூசியையும் ஓரளவு தடுக்கும் என்பார்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் ஒரேயடியாக மொட்டையடிக்கக் கூடாது என்கிறோம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களைத் தவிர்த்து, பகுதி பகுதியாக வேரோடு பிடுங்க வேண்டும்; அடிக்கட்டையை விட்டால் மறுபடி துளிர்க்கும். சரிவுகளில் வெட்டிவேர், ஓரங்களில் புங்கன், மான் மேயும் வெளிகளில் மரமே வேண்டாம், கொழுக்கட்டைப் புல் போதும். பசுமை காட்டுகிறோம் என்று அங்கே தைலமரத்தைக் கொண்டுவந்து நட்டுவிடவும் கூடாது. கோலார் மாவட்டம் அதைப் போதுமான அளவு பார்த்துவிட்டது.

இது முடியாத வேலையல்ல. அந்நியத் தாவரங்களை அகற்றவும் காட்டை மீட்கவும் தமிழ்நாடு 2022இல் தனிக் கொள்கையே வகுத்தது. கர்நாடகத்திலும் மாதேஸ்வரன் மலையில் சோளிகர் பழங்குடியினர் அந்நியத் தாவரமான உண்ணிச்செடியில் நாற்காலி, மேசை செய்து விற்கிறார்கள்.

மண்ணில் தங்கிய விதைகள் பல ஆண்டுகள் முளைக்கும். ஆகவே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதுவரை குத்தகைதாரரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தராதீர்கள். அந்த வேலையை, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகும் சுரங்கக் குடும்பத்தாருக்கே முதலில் கொடுங்கள்.