சந்தேகப் பதிவேட்டைப் படிக்கும் எந்திரம்

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தின்போது பல லட்சம் பேர் கிரிவலம் வருகின்றனர். அக்கூட்டத்தில் பழைய குற்றவாளிகளைக் கண்டறிய முக அடையாளத் தொழில்நுட்பத்தைக் காவல்துறை பயன்படுத்துகிறது. யார் நம்பத்தக்கவர், யார் சந்தேகத்திற்குரியவர் என்பதை இனி எந்திரமும் சொல்லும்.

எந்திரத்திற்குச் சாதி தெரியாது என்பர். ஆனால், அது ஒப்பிட்டுப் பார்ப்பது காவல் நிலையங்கள் சேர்த்த முகங்களோடுதான். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1952இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்களின் வழியே அதே சந்தேகம் நீடித்தது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்களும் காவல் பதிவேடுகளில் ஏறுவதை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே, அமானதுல்லா கான் வழக்கில், கவலையுடன் குறிப்பிட்டது.

அமெரிக்காவில் கம்பாஸ் என்னும் மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 45 விழுக்காட்டினரை அது ஆபத்தானவர்கள் எனத் தவறாகக் கணித்திருந்தது. வெள்ளையரில் இது 23 விழுக்காடு. மென்பொருளிடம் இனம் கேட்கப்படவே இல்லை.

ஆகவே, கேமராவின் துல்லியத்தைப் பற்றிய விவாதம் மட்டும் போதாது. யாருடைய படங்கள், எந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டன? விடுதலையானோரின் படங்கள் நீக்கப்பட்டனவா? பதிவேட்டைத் தணிக்கை செய்யாமல் எந்திரத்தை நம்புவது, பழைய சாதியச் சந்தேகத்திற்கு அறிவியல் முத்திரை குத்துவதேயாகும்.