நெருப்பைப் பற்றியும் ஒரு படிப்பு



பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் டாக்டரா, எஞ்ஜினியரா என்பதோடு வீட்டு ஆலோசனை முடிந்துவிடுகிறது. இம்முறை நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு படிப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் தீப் பாதுகாப்பு என்றொரு இரண்டு வருடக் கற்கைநெறி உண்டு. இவ்வகை அரசாங்கக் கல்லூரி முதன்முதலில் 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆரம்பமானது. பல்கலைக்கழகத்தைவிடக் கட்டணம் குறைவு. தொழில் செய்வோர் மாலையில் வந்தும் படிக்கலாம். முடிவில் 'அசோசியேட்' பட்டம் கிடைக்கும்.

“தீயணைப்புப் படையில் சேரவா இவ்வளவு படிப்பு?” என்று கேட்பீர்கள். அதற்கும் உதவும். ஆனால் பாடத்தின் பெரும்பகுதி, தீ பிடிக்காமலிருக்கவும், பிடித்தால் உயிர்கள் போகாமலிருக்கவும் என்ன செய்யவேண்டும் என்பதே.

1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்ததைக் கேளுங்கள். பத்து மாடிக் கட்டடம். மேல் மூன்று மாடிகளிலும் ட்ரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை. எட்டாம் மாடியில் வெட்டுத் துணிக் குவியலில் பற்றிய தீ மேலே ஏறியது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரந்தாங்காமல் முறிந்தது. தீயணைப்புப் படையின் ஏணியோ ஆறாம் மாடி மட்டுமே எட்டியது. இறந்தோர் 146 பேர். பெரும்பாலோர் குடியேறி வந்த இளம் பெண்கள், குடும்பத்துக்கு உழைத்துக் கொடுத்த பிள்ளைகள். உரிமையாளர் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள்! ஆயினும் அந்தத் தீக்குப் பின்னரே அம்மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டங்கள் இறுக்கமாயின. கதவு எப்பக்கம் திறக்கவேண்டும், எத்தனை பேருக்கு எத்தனை வாசல் என்ற கணக்கெல்லாம் இன்று இக்கற்கைநெறியில் வருகிறது.

புகையும் ஒரு பெரிய பாடம். 1980இல் லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் கீழ்த்தளத்தில் தீ; மேல்மாடி அறைகளில் மரணம். இறந்த 85 பேரில் அநேகரைக் கொன்றது புகையே. தீ மூண்ட பகுதியில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருக்கவில்லை. இத்தெளிப்பானைப் பற்றிச் சினிமா காட்டுவது பெரும்பாலும் பொய். ஒரு தீக்குச்சிக்கு எல்லாம் ஒன்றாகப் பீச்சாது. பலவற்றில் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சாதாரணமாக 68 பாகை செல்சியஸில் அது வெடிக்கும். சூடேறியது மாத்திரமே திறக்கும்.

இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற நபிமொழியை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். முற்காப்பு என்ற பாடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது: தீ எங்கிருந்து வரும், எதைப் பற்றும்?

இரசாயனமும் கணிதமும் பிடிக்காத பிள்ளைக்கு இது சரிவராது. குழாயில் நீரின் அமுக்கத்தைக் கணக்கிட வேண்டிவரும். படித்தோர் கட்டடப் பரிசோதகராகவோ காப்புறுதிக் கம்பனியிலோ தொழில் பெறலாம். எஞ்ஜினியராகத்தான் வேண்டும் என்றால் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் படித்த பாடங்கள் எல்லாம் அங்கே ஏற்றுக்கொள்ளப்படும் என்று எண்ணிவிட வேண்டாம். எவை ஏற்கப்படும் என்பதைச் சேருமுன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.