டாக்டருக்கும் பொங்கல் உண்டு

வியாதிகளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. மாதம் முழுக்க மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுச் சமர்த்தாகத் தூங்குகிற பெரியவருக்கு, சரியாகப் போகிக்கு முதல் நாள் ராத்திரிதான் மூச்சு இரைக்கும். அன்றைக்குத்தான் கிளினிக் வாசலில் அட்டை தொங்கும்: 'டாக்டர் வெளியூர் சென்றுள்ளார். 18-ம் தேதி பார்க்கலாம்.'

அவர் மேல் தப்பே இல்லை ஸார். அவருக்கும் ஊர் இருக்கிறது, அம்மா இருக்கிறார், கரும்பு இருக்கிறது.

எங்கள் விருத்தாசலத்தில் விஷயம் பொங்கலோடு முடிவதில்லை. அடுத்த மாசமே மாசி மகம். தேரோட்டத்தன்று தேர் ஓடும் வீதிகளில் சைக்கிளே நுழையாது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கே நுழைவது?

செராமிக் பேட்டையில் சூளை வைத்திருக்கிறார் ஒரு நண்பர். பீங்கான் பொம்மை, ஃப்யூஸ் கட்டை எல்லாம் சுட்டு அனுப்புகிறவர். அவருடைய அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "இனி நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் வலியில்லாமல், மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள நிறையச் செய்யலாம்" என்றார்கள்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. முதல் வாக்கியத்திலேயே அழ ஆரம்பித்துவிடுகிறோம். இரண்டாவதற்குத்தான் பாலியேடிவ் கேர் என்று பெயர். அரசாங்கத் தமிழில் நோய் ஆதரவுச் சிகிச்சை. கடைசி மாதங்களுக்கானதை ஹாஸ்பிஸ் என்கிறார்கள். ஹாஸ்பிஸ் என்றதும் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். அது வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அப்புறம் டாக்டர். மூன்று பேர் கூடிப் பேச வேண்டியதை அவர் ஒருத்தரே மனசுக்குள் பேசி முடித்துவிடலாம்! நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு டாக்டர் புதுச்சேரியில், இன்னொருவர் விருத்தாசலத்தில். இவர் எழுதிய மாத்திரை அவருக்குத் தெரியாது. அவர் நிறுத்தியது இவருக்குத் தெரியாது. நடுவில் மஞ்சப்பையும் ஃபைலுமாக மகன்.

பெரியவரோ ஒரே பிடி. "எனக்கு இந்தத் திண்ணை போதும் தம்பி. வேற எங்கயும் தூக்கிட்டுப் போவ வேணாம்."

நண்பர் யோசித்தார். சூளைக்காரர் அல்லவா? சூளையில் தீ மூட்டிவிட்டால் பொங்கலாவது, தீபாவளியாவது. அதனால் சூளைப் பக்கத்தில் எப்போதும் ஒரு சார்ட் தொங்கும். எந்த நேரத்தில் யார், சூடு எவ்வளவு, ஏறினால் என்ன செய்வது, யாரை எழுப்புவது... "அப்பாவுக்கும் ஒரு சார்ட் போட்டுடலாமா ஸார்?" என்று என்னைக் கேட்டார். மார்கழி பாதியிலேயே குடும்ப டாக்டரிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு, அங்கேயே புதுச்சேரிக்கு போன் போட்டார். இரண்டு டாக்டர்களும் பேசியது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவானதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்.

ஒன்று: யாரை முதலில் கூப்பிடுவது? டாக்டர் ஊருக்குப் போகும் தேதி, திரும்பும் தேதி, அந்த நாட்களில் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்த இன்னொரு டாக்டரின் நம்பர், புதுச்சேரி நம்பர். மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும்.

இரண்டு: மாத்திரைக் கணக்கு. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் டாக்டர்கள் தருகிற மார்ஃபின், தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சரக்கு அல்ல. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். ஆனாலும் அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் வாங்க முடியும். தீர்ந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆகவே லீவு முடிந்து மேலும் சில நாட்களுக்கு வருகிற மாதிரி முன்கூட்டியே எண்ணி வாங்கிவிட வேண்டும். மார்ஃபின் மலச்சிக்கல் தரும். அதற்கான மருந்தும் கூடவே.

மூன்று: ராத்திரி மூச்சு இரைத்தால்? சாய்த்து உட்கார வைக்கணும், ஜன்னலைத் திறக்கணும், முகத்தில் படுகிற மாதிரி விசிறணும், எழுதிக் கொடுத்த அளவில் மருந்து கொடுக்கணும். விசிறியா என்று சிரிக்காதீர்கள். முகத்தில் காற்றுப் பட்டால் மூச்சுத்திணறல் குறைகிறது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். எங்கள் ஊர்த் தலபுராணத்தில் இங்கே உயிர் விடுகிறவர்களுக்கு அம்மன் முந்தானையால் விசிற, ஈஸ்வரன் மடியில் கிடத்திக் காதில் மந்திரம் ஓதுவதாக ஐதீகம். ஒருவர் விசிறுகிறார், ஒருவர் மடி தருகிறார். அங்கே எவ்வளவு நல்ல ஒத்துழைப்பு பாருங்கள்!

நான்கு: எது வேண்டாம்? தொண்டையில் குழாய், வென்டிலேட்டர் வேண்டாம் என்பது பெரியவரின் விருப்பம். சுயநினைவோடு இருக்கும்போதே இதை எழுதிவைக்கலாம் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது.

ஐந்து: எழுதக் கை நடுங்குகிற விஷயம். வீட்டிலேயே உயிர் பிரிந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர்தான் மரணத்தின் காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதித் தரவேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பண்டிகை நாளில் அந்தக் கையெழுத்தை யார் போடுவார் என்று டாக்டரே தன் கைப்பட எழுதினார். பெரியவர் எதிரிலேயே! அவர் தலையாட்டினார்.

போகி விடிகாலை. தெருவில் பழைய பாயும் கோணியும் எரிய, புகை திண்ணைக்கு வந்துவிட்டது. பெரியவருக்கு மூச்சு ஏறி இறங்குகிறது. பொங்கலுக்குத் தாம்பரத்திலிருந்து வந்திருந்த மாமா, "இன்னுமாடா ஐசியூவுல சேர்க்கல? 108-ஐக் கூப்பிடு!" என்று எகிறினார்.

மாமா கெட்டவர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவருக்குப் பாசம் மொத்தமாகப் பொங்கும். 1991-ல் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் இதற்கு 'கலிஃபோர்னியா மகள்' என்று பேரே வைத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் சும்மா விடுவார்களா? அவர்கள் 'நியூயார்க் மகள்' என்கிறார்களாம். நமக்குத் தாம்பரம் மாமா.

108 வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். உயிரைக் காப்பாற்றப் போராடுவது அவர்கள் தர்மம். திண்ணை ஆசை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நண்பர் பதில் பேசாமல் அந்தப் பக்கத்தை மாமா கையில் கொடுத்துவிட்டு, அப்பாவை உள் அறைக்கு மாற்றினார். ஃபேனைத் திருப்பினார். எழுதியிருந்தபடி மருந்து. டாக்டருக்கு போன். ஊரிலிருந்தே அவர் இரண்டு கேள்வி கேட்டார். "சரியாத்தான் செய்றீங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றார். முக்கால் மணி நேரத்தில் மூச்சு நிதானமாயிற்று. மாமா பக்கத்தை இரண்டு தரம் படித்தார். மூன்றாவது தரம் படிக்கவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு போய் அக்கா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காணும் பொங்கலன்று பேரப்பிள்ளைகள் வரிசையாகக் காலில் விழ, பெரியவர் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். தை முடிவதற்குள், அதே திண்ணையில், மகன் மடியில் போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் பணக்காரச் சமாசாரம் இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த வலி நிவாரண சங்கத்தைப் பார்த்துக் கேரளமே வீடு தேடிப் போகும் வைத்தியத்தைக் கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் நோய் ஆதரவுச் சிகிச்சை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்கு ரயில் டிக்கெட்டை இரண்டு மாசம் முன்னாலேயே, காலை எட்டு மணிக்குக் கண்கொட்டாமல் உட்கார்ந்து புக் பண்ணுகிறீர்கள். ஊரில் படுத்திருக்கிற அப்பாவோ பாட்டியோ இருந்தால், அதே நாளில் அவர்களுடைய டாக்டருக்கும் ஒரு போன் போடுங்கள். பயந்து பயந்து கேட்க வேண்டாம். சிரித்துக்கொண்டே கேட்கலாம்:

"டாக்டர், பொங்கலுக்கு நீங்க எப்ப ஊருக்குக் கிளம்பறீங்க?"